கண்ணாடி முகப்பா, வெளி நிழலா?

வெப்பமண்டலத்தில் அலுவலகம் கட்டப் போகிறோம் என்றதும் ஏசி எத்தனை டன் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. வெயிலைக் கண்ணாடிக்கு உள்ளே நிறுத்தப் போகிறோமா, வெளியேயா என்பதை யாரும் கேட்பதில்லை.

முழுக் கண்ணாடி முகப்புக்கும் சாதகங்கள் உண்டு. வேலை சீக்கிரம் முடியும், சுவர் மெலிதாவதால் உள்ளே கொஞ்சம் இடம் மிச்சமாகும், பளபளப்பைப் பார்த்து வாடகைக்கும் ஆள் வரும். ஆனால் மேற்குச் சுவரில் மாலை வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சாதாரணக் கண்ணாடி அதில் சுமார் 80% வெப்பத்தை உள்ளே விட்டுவிடும். 7 சதுர மீட்டர் கண்ணாடிக்கே கிட்டத்தட்ட ஒரு டன் ஏசி போய்விடும். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய லோ-ஈ பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி போட்டால் 30% அளவுக்கு இறக்கலாம். வெப்பம் குறையும், ஆனால் கண் கூசுவது அப்படியேதான் இருக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் மூன்று மணியானால் மேற்குப் பக்க பிளைண்ட்ஸ் எல்லாம் இறங்கிவிடும், உடனே விளக்குகள் எரியும். வெளிச்சத்துக்கென்று கண்ணாடி வைத்து, அதை மூடிவிட்டு விளக்குப் போடுகிற கூத்து. பிளைண்ட்ஸ் வரை வந்துவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள்தான் தங்கும். பக்கத்து இருக்கைக்காரர் அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டார்.

வெளி நிழலில் திசைதான் எல்லாம். வடக்கிலும் தெற்கிலும் வெயில் பெரும்பாலும் உயரத்திலிருந்து விழுவதால் சின்ன சன்ஷேடே போதும். கிழக்கு, மேற்கில் சாய்வெயில் அதன் அடியில் புகுந்து வந்துவிடும். அங்கே லூவர் (வரிசையாக மாட்டும் நிழல் பட்டைகள்) வேண்டும், அல்லது ஜன்னலே வேண்டாம். கோலாலம்பூர் அருகே கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைத்து 1992இல் முடிந்த மெனாரா மெசினியாகா என்ற அலுவலகக் கோபுரம் இதற்கு நல்ல உதாரணம். லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் கிழக்கே. வெயில் படும் கண்ணாடிக்கு வெளியே லூவர். தொல்லை பராமரிப்பில்தான்: தூசி, துரு, புறா. கழுவ ஆள் நிற்க இடம் விடாமல் லூவர் மாட்டினால் இரண்டே வருடத்தில் அழுக்கு மூட்டை.

ஏசியே வேண்டாம் என்பவர்கள் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் ஈஸ்ட்கேட் சென்டரைக் காட்டுவார்கள். 1996இல் திறந்த அந்தக் கட்டடத்தில் இரவுக் குளிர்காற்றால் கான்கிரீட்டைக் குளிர வைத்துப் பகலை ஓட்டுகிறார்கள். ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அது நடக்கிறது. இரவிலும் புழுங்கும் கடலோரத்தில் அதே வித்தை பலிக்காது. வேலை செய்யும் கூடத்துக்கு ஏசி வைத்து, படிக்கட்டு, நடைவழி, லிஃப்ட் முன்கூடத்தைத் திறந்து விடுவதுதான் நடைமுறை.

மனையின் நீளப் பக்கம் மேற்கே அமைந்துவிட்டால், லிஃப்டையும் கழிப்பறையையும் அந்தப் பக்கம் தள்ளி, மிச்சத்துக்கு லூவர் போடச் சொல்வேன். விலையுயர்ந்த கண்ணாடிக்குக் காசு அப்புறம்தான்.