பழைய ஸ்விஃப்ட் டீசல்: வாங்கும் முன் எரிபொருள் அமைப்பைப் பாருங்கள்

ஃபியட் நிறுவனத்தின் மல்ட்டிஜெட் இன்ஜின் வழிவந்த, ஸ்விஃப்டின் 1248 சிசி டிடிஐஎஸ் டீசல் இன்ஜின் மைலேஜுக்குப் பேர் போனது. 2020-ல் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலைக் கைவிட்டதால், இனி செகண்ட்ஹேண்ட்தான்.

காலையில் செல்ஃப் நீளமாக இழுத்தால் உடனே சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் டீசல் ஃபில்டர் அடியிலுள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்துமுத்தாய் உருளும். மினுமினுக்கும் உலோகத் தூள் தெரிந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்: டீசலை அழுத்தி அனுப்பும் ஹை பிரஷர் பம்ப் தேய்கிறது. பம்ப், இன்ஜெக்டர்கள், ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துத் தரும் குழாய்), டேங்க் என்று செலவு கூடிக்கொண்டே போகும்.

டம்ளர் சுத்தமா? அடுத்தது ரிட்டர்ன் சோதனை. நான்கு இன்ஜெக்டர்களிலும் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களை தனித்தனி பாட்டிலில் விட்டு, வண்டியை நகர்த்தாமல் இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர் கசிகிறது. ஹை பிரஷர் பைப்பை மட்டும் ஓடும்போது தொடவே கூடாது. ஆயிரம் பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு) மேல் பாயும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

பராமரித்த வண்டியென்றால் தாராளமாக வாங்கலாம். ஃபில்டரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.