குவார்ட்சைட் கூடாரத்தில் லித்தியம் செட் வாங்கப் போகிறீர்களா? முதலில் கைத்தராசை எடுங்கள்

அரிசோனாவின் குவார்ட்சைட்டில் குளிர்காலம் வந்துவிட்டால் ஊரைச் சுற்றியுள்ள பாலைநிலம் முழுக்க உள்ளேயே தங்கி வாழும் ஆர்.வி. வண்டிகள்தான். அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறையான பிஎல்எம் பார்த்துக்கொள்ளும் அந்த நிலத்தில் மின் இணைப்பு கிடையாது. விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி எல்லாமே பேட்டரியை நம்பித்தான். இதைத் தெரிந்துகொண்டு சாலையோரக் கூடாரங்களில் "லித்தியம் பேக்கேஜ், ஒரே நாளில் பொருத்தித் தருகிறோம்" என்று பலகை தொங்கும். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஆனால் அப்படி ஒரு கூடாரத்தில் 28 அடி ட்ரெய்லருக்குப் பொருத்திய செட்டைப் பிரித்து அளந்தபோது வந்த கணக்கு இது.

பில்லில் எழுதியிருந்தது: 200 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) லித்தியம் பேட்டரி இரண்டு, 100 வாட் பேனல் நான்கு, பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் 40 ஆம்பியர் எம்பிபிடி கண்ட்ரோலர், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் 2,000 வாட் பியூர் சைன் இன்வெர்ட்டர், வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். கூலியோடு 4,600 டாலர், ரொக்கம். திங்கள் மாலை முழு சார்ஜோடு ஒப்படைத்தார்கள். வெள்ளி விடியற்காலை எல்லாம் அணைந்தது. கேட்டதற்குக் கடைக்காரர் சொன்னது: "குளிர்கால வெயில் போதாது, இன்னும் இரண்டு பேனல் போட்டுக்கொள்ளுங்கள்."

அதில் பாதி உண்மை. அதனால்தான் அது எடுபடுகிறது. குவார்ட்சைட் இருப்பது 33.7 டிகிரி வட அட்சத்தில். டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறும். கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் பேனலுக்கு நேர் வெயிலில் 54 சதவீதம்தான் கிடைக்கும். 400 வாட் பேனல், நல்ல கண்ட்ரோலரோடு, அந்தக் காலத்தில் நாளுக்குச் சுமார் 960 வாட்-அவர் தந்தால் அதிகம். இந்த ட்ரெய்லரின் செலவோ 1,600: கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 650, ஹீட்டர் விசிறி 400, விளக்கு பம்ப் வகையறா 70, மீதி 480 இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கு. ஆம், சும்மா. 20 வாட் வீதம் 24 மணி நேரம். பொருத்தியவர் சுவிட்சை ஆன் செய்துவிட்டுப் போனார், அணைத்து வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

சரி, நாளுக்கு 640 வாட்-அவர் துண்டு விழுகிறது. ஆனால் 400 ஏஎச் என்றால் 5,120 வாட்-அவர் சேமிப்பு. எட்டு நாள் தாங்கியிருக்க வேண்டும். மூன்றரை நாளில் ஏன் தீர்ந்தது?

முதலில் பேட்டரி. 12.8 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 100 ஏஎச்சுக்குப் பெட்டியோடு சேர்த்து பெரும்பாலும் 10 முதல் 12 கிலோ வரும், புதிய சிறிய வகைகளில் இன்னும் கொஞ்சம் குறையலாம். 200 ஏஎச் என்றால் பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல், சிறிய வகை என்றாலும் 16 கிலோவுக்குக் கீழே வருவது அரிது. இந்த இரண்டும் ஆளுக்கு 13.4 கிலோ. ஸ்டிக்கரில் என்ன எண்ணை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், செல்லுக்குள் இருக்கும் சரக்கின் எடையை மாற்ற முடியாது. விமானப் பயணத்துக்குப் பெட்டி கட்டும் நம் வீடுகளில் 23 கிலோ பார்க்கும் கைத்தராசு கட்டாயம் இருக்கும். 200 ஏஎச் பேட்டரியும் பெரும்பாலும் அந்தப் பெட்டி எடைக்கு அருகில்தான். கடையிலேயே தூக்கிப் பாருங்கள்.

எடை சந்தேகம் தந்தால் காலி செய்து பார்ப்பதுதான் உறுதி. 14.4 வோல்ட் வரை முழுக்க ஏற்றி, பேட்டரியின் வரவு செலவை எண்ணும் ஷண்ட் மீட்டரை நூறு சதவீதத்தில் வைத்து, 20 ஆம்பியர் அளவுக்கு ஒரே சீரான சுமை கொடுத்து, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் தானே துண்டிக்கும் வரை விட வேண்டும். இங்கே ஆறு மணி நேரத்தில் துண்டித்தது. மீட்டரில் 120 ஏஎச். இரண்டும் சேர்த்து 240, அதாவது சுமார் 3,070 வாட்-அவர். வோல்டேஜைப் பார்த்து அளவு சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். லித்தியம் பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் சடாரென்று விழும். ட்ரெய்லரோடு வரும் நான்கு விளக்குப் பலகை ஈய பேட்டரிக்காகச் செய்தது, இதற்கு உதவாது.

ஷண்ட் வைத்திருந்தும் ஏமாறலாம். எல்லா நெகட்டிவ் வயரும் ஷண்ட்டில் பேட்டரி இல்லாத மறுபக்கம்தான் போக வேண்டும். இங்கே சோலார் நெகட்டிவ் நேராகப் பேட்டரி முனையில் முறுக்கப்பட்டிருந்தது. வந்த வரவு கணக்கில் ஏறாமல், திரையில் தினமும் தப்பான சதவீதம்.

அடுத்தது கண்ட்ரோலர். மேலே எம்பிபிடி என்று பெரிதாக எழுதியிருக்கும் சின்ன நீலப் பெட்டி, கையில் எடுத்தால் கைபேசி கனம்கூட இல்லை. உண்மையான எம்பிபிடிக்குள் செம்புச் சுருளும் வெப்பம் கடத்தும் அலுமினிய உடலும் இருக்கும், கனக்கும். சோதனை சுலபம். வயரைக் கவ்வி நேர்மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வேண்டும், மாறுமின்சாரம் மட்டும் காட்டுவது பயன்படாது. பேட்டரி நிறையாமல் இருக்கும்போது நண்பகலில் பேனல் வயரில் ஒரு முறை, பேட்டரிக்குப் போகும் வயரில் ஒரு முறை அளங்கள். இங்கே உள்ளே 12.8 ஆம்பியர், வெளியே 12.7. பேனல் வோல்டேஜ் 18-இல் இருக்க வேண்டியது 14-க்கு இழுபட்டிருந்தது. அது பிடபிள்யூஎம், பேனலைப் பேட்டரி வோல்டேஜுக்கே இழுத்துவிடும் மலிவு வகை, வேறொன்றுமில்லை. நிஜ எம்பிபிடி என்றால் அதே வெயிலில் வெளியே 16 ஆம்பியருக்கு மேல் வந்திருக்கும். கால்பங்கு வெயில் வீண், நாள் வரவு 960-லிருந்து 720-க்கு இறங்கிவிட்டது. இப்போது கூட்டிப் பாருங்கள்: துண்டு 880, சேமிப்பு 3,070, மூன்றரை நாள். வெள்ளி விடியற்காலை.

இன்னும் இரண்டு பேனல் வாங்கியிருந்தால் இந்தத் திருட்டு வெளியே தெரியாமலே போயிருக்கும். இன்வெர்ட்டரை வேண்டும்போது மட்டும் போட்டாலே நாளுக்கு 400-க்கு மேல் மிச்சம், அதற்குக் காசு வேண்டாம்.

இதுவரை பண நஷ்டம். கேபிள் விஷயம் அப்படியல்ல, அது தீ. இன்வெர்ட்டருக்கு மூன்று மீட்டர் தூரம் "2 கேஜ்" என்று அச்சடித்த சிவப்புக் கேபிள். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை: அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். செம்போடு ஒப்பிட்டால் கடத்தும் திறன் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆயிரம் வாட் மைக்ரோவேவ் உண்மையில் 1,500 வாட் இழுக்கும். 12 வோல்ட் பக்கம் அது 136 ஆம்பியர். போக வர ஆறு மீட்டரில் 0.7 வோல்ட் விழுந்தது, 90 வாட்டுக்கு மேல் வெறும் சூடு. அலுமினியம் கேபிள் நுனியில் மாட்டும் லக்குக்குள் நாளாக நாளாகத் தளரும், ஆக்ஸைடு படியும், சூடு அங்கேயே குவியும். முழு 2,000 வாட்டுக்கு 185 ஆம்பியர் வரை போகும். அதற்கு முழுச் செம்பில் அமெரிக்க வயர் அளவுமுறையான ஏடபிள்யூஜியில் 2/0, அதாவது 67 சதுர மில்லிமீட்டர் வேண்டும். கேபிளில் "ஏடபிள்யூஜி" என்று இல்லாமல் வெறும் "கேஜ்" என்று இருந்தால் அதை நம்பாமல் இழையின் பருமனைப் பாருங்கள்.

ஃபியூஸ் இருந்தது, இன்வெர்ட்டர் பக்கத்தில். கேபிள் நடுவில் உரசி ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸுக்குச் செய்தியே போகாது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். படகுகளுக்கு வைத்திருக்கும் அளவு அது, இங்கேயும் பொருந்தும். வகையும் முக்கியம்: லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் கொட்டும். மலிவான ஏஎன்எல் ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே பொறி தொடர்ந்து எரியக்கூடும். 20,000 ஆம்பியரை வெட்டும் கிளாஸ் டி (Class T), 250 ஆம்பியர் அளவில், வாங்குங்கள்.

டிசி-டிசி சார்ஜர் நல்ல சரக்குதான், இணைத்த விதம் கோளாறு. ட்ரக்கின் ஏழு முனை ட்ரெய்லர் பிளக்கில் இருந்தே எடுத்திருந்தார்கள். 30 ஆம்பியர் வெளியே தர உள்ளே சுமார் 40 இழுக்கும். பிளக்கின் மெல்லிய வயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும் அதைத் தாங்காது. ஃபியூஸ் முதல் மலையேற்றத்திலேயே போயிருந்தது. ட்ரக் பேட்டரியிலிருந்து தனியாக 4 ஏடபிள்யூஜி கேபிள், இரு முனையிலும் ஃபியூஸ், நடுவில் கழற்றி மாட்டும் ஆண்டர்சன் கனெக்டர் என்பதே முறை.

ஜெனரேட்டர் போன்ற வெளி மின்சாரத்தில் பேட்டரியை ஏற்றும் பழைய கன்வெர்ட்டரையும் அப்படியே விட்டிருந்தார்கள். 13.6 வோல்ட்டில் லித்தியம் ஏறாமல் இல்லை, ஆனால் மெதுவாக ஏறும், ஜெனரேட்டர் பெட்ரோல்தான் வீண். அதைவிட வேடிக்கை, இன்வெர்ட்டர் மின்சாரம் முழுப் பலகைக்கும் போனால் கன்வெர்ட்டரும் விழித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து எடுத்ததைப் பேட்டரிக்கே திருப்பி ஊற்றிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இழந்தபடி. இன்வெர்ட்டர் ஓடும்போது கன்வெர்ட்டர் பிரேக்கரைக் கீழே தள்ளுங்கள்.

ஃபிளாக்ஸ்டாஃப் போல உயரமான இடத்துக்குப் போகிறவர்கள் ஒன்று கூடுதலாகக் கேட்க வேண்டும்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே பிஎம்எஸ் சார்ஜைத் தானே நிறுத்துமா? அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அது திரும்பாது. வாய்ப்பேச்சு வேண்டாம், பில்லில் எழுதச் சொல்லுங்கள். கூடவே கண்ட்ரோலரின் மாடல் எண், பிஎம்எஸ் ஆம்பியர், கேபிளின் அளவும் உலோகமும். எழுதத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

ரொக்கம் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டு என்றால், ஒப்புக்கொண்ட பொருள் வரவில்லை என்று ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் முறையிடலாம். இன்னொரு வழியும் உண்டு. கூடாரம், கண்காட்சி போன்ற தற்காலிக இடத்தில் 130 டாலர் அல்லது அதற்கு மேல் வாங்கினால், அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசியின் கூலிங்-ஆஃப் விதிப்படி மூன்றாவது வேலை நாள் நள்ளிரவுக்குள் பெரும்பாலான விற்பனைகளை ரத்து செய்யலாம், விதிவிலக்குகள் சில உண்டு. ரத்துப் படிவம் இரண்டு பிரதி விற்பவரே தர வேண்டும். இங்கே தரவில்லை, வாங்கியவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கைத்தராசும் கிளாம்ப் மீட்டரும் செவ்வாய்க்கிழமையே வந்திருந்தால் போதும். திங்களன்று வாங்கியதற்குக் கெடு வியாழன் நள்ளிரவு. விளக்கு அணைந்தது அதற்குச் சில மணி நேரம் கழித்து.