நாய்களின் கல்லறைக்கு யார் காவல்?

மனிதர்களைப் புதைத்த இடுகாட்டை பிளாட் போட்டு விற்பது பெரும்பாலான நாடுகளில் லேசில் நடக்காது. சட்டம் குறுக்கே நிற்கும், மதம் நிற்கும், ஊரும் சும்மா விடாது. செல்லப்பிராணிகளின் கல்லறைத் தோட்டத்துக்குப் பெரும்பாலும் இந்தக் காப்பு எதுவும் கிடையாது. நாயும் பூனையும் சட்டத்தின் கண்ணில் ஒருவரின் உடைமை. அவற்றைப் புதைத்த இடம் யாரோ தொழில் நடத்தும் மனை, அவ்வளவுதான். தொழில் நொடித்தால் மனை கைமாறும். நகரம் வளர்ந்து அந்த மனையைச் சுற்றி வளைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் மாறும்.

ஆகவே நூறு வருடத்தை நெருங்கியோ தாண்டியோ நிற்கிற பிராணிக் கல்லறை எதுவானாலும் யாரோ மெனக்கெட்டதால்தான் நிற்கிறது. பாரிஸ் அருகே அரசு மெனக்கெட்டது. நியூயார்க் அருகே ஒரு தனியார் நிறுவனம். லாஸ் ஏஞ்சலஸ் அருகே, தங்கள் பிராணிகளை அங்கே புதைத்தவர்களே. எந்த வழி உறுதியானது? என் கணிப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இடம் எந்தப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது என்பதைவிடப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

பாரிஸை ஒட்டி, சேன் நதிக்கரையில் இருக்கிறது அஸ்னியேர். இந்தக் கல்லறை பிறந்ததற்கே ஒரு சட்டம்தான் காரணம். செத்த பிராணிகளை நதியில் வீசுவதும் குப்பையில் போடுவதும் அந்தக் காலத்துப் பாரிஸில் சகஜம். 1898-இல் வந்த சட்டம், வீடுகளிலிருந்து 100 மீட்டராவது தள்ளி, மேலே ஒரு மீட்டர் மண் மூடும்படி புதைக்க வேண்டும் என்றது. அடுக்குமாடியில் குடியிருப்பவர் அதற்கு எங்கே போவார்? மறு வருடமே, பெண்ணுரிமைக்காகப் பத்திரிகை நடத்திய மார்கரித் துரானும் வழக்கறிஞர் ஜார்ஜ் ஆர்முவாவும் சேர்ந்து இந்த இடத்தைத் தொடங்கினார்கள். நுழைவாயிலை அந்தக் காலத்து 'ஆர் நூவோ' பாணியில் கட்டியவர் எழேன் பெத்தீ.

வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுவது பாரி என்ற செயின்ட் பெர்னார்ட் நாயின் சிலை. முதுகில் ஒரு சிறுமி. நாற்பது பேர் உயிரைக் காப்பாற்றி, நாற்பத்தோராவது ஆளின் கையால் செத்தது என்று கல்லில் எழுதியிருக்கிறது. படிக்கிறவர் கண் கலங்கத்தான் செய்யும். ஆனால் நிஜமான பாரி கிழடாகி, 1814-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நிம்மதியாகச் செத்தது. பாடம் செய்த அதன் உடல் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொய் எழுதிய கல்லைப் பாரம்பரியம் என்று காப்பதா? பிரெஞ்சுக்காரர்களுக்கு இதில் சங்கடமே இல்லை. இடங்களைக் காப்பதற்கான அவர்களுடைய 1930-ஆம் ஆண்டுச் சட்டம் கலை, வரலாறு, அறிவியல், அழகு ஆகியவற்றோடு கர்ணபரம்பரைக் கதையையும் ஒரு தகுதியாகவே ஏற்றுக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சட்ட வாசகங்களில் இது ஒன்று.

அந்தச் சட்டம்தான் கடைசியில் கைகொடுத்தது. 1987-இல், இடத்தை நடத்தி வந்த நிறுவனம் கல்லறையை மூடப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டில் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கியது. பின்னர் நிர்வாகம் நகராட்சியின் கைக்கு வந்தது. இந்த இரண்டாவது படி இல்லாமல் முதல் படி மட்டும் நடந்திருந்தால்? புல்டோசர் வந்திருக்காது, சரி. பூட்டிய கதவுக்குப் பின்னால் புதர் மண்டியிருக்கும். இடிப்பதைத்தான் பட்டியல் தடுக்கும், புல் வெட்ட அது ஆள் அனுப்பாது.

அஸ்னியேரிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அங்கே குழி யாருக்கும் சொந்தமில்லை, குறிப்பிட்ட காலக் குத்தகைதான். புதுப்பிக்க ஆள் இல்லையென்றால் அந்த இடம் அடுத்த பிராணிக்குப் போகலாம். தோட்டம் பத்திரமாக இருக்கும், அதிலுள்ள தனித்தனிக் கல் பத்திரமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஹாலிவுட் புகழ் ரின் டின் டின் போன்ற நாய்களுக்குக் கவலையில்லை. யாரோ ஒரு தையல்காரியின் பூனைக்குத்தான் ஆபத்து. அந்தக் காலத்து வாழ்க்கையை அதிகம் சொல்வது அந்தப் பூனையின் கல்தான்.

நியூயார்க்கின் வடக்கே ஹார்ட்ஸ்டேலில் கதை வேறு. 1896-இல் சாமுவேல் ஜான்சன் என்ற கால்நடை மருத்துவர், நாயைப் பறிகொடுத்துவிட்டு வந்தவருக்குத் தன் ஆப்பிள் தோட்டத்தில் இடம் கொடுத்தார். சங்கதி பரவி, தோட்டம் கல்லறையாகிவிட்டது. சுமார் 5 ஏக்கர் நிலத்தில் இன்று 80,000 பிராணிகளுக்கு மேல் இருப்பதாகக் கணக்கு. பிளாசா ஹோட்டலில் ஒரு சீமாட்டியோடு வாழ்ந்த சிங்கக்குட்டியும் அதில் அடக்கம். 1923-இல் நிறுவிய போர்நாய் நினைவுச்சின்னம் இங்கேதான் இருக்கிறது. பெரிய பாறை மேல் வெண்கல ஷெப்பர்ட் நாய், முதுகில் செஞ்சிலுவைத் துணி, காலடியில் நசுங்கிய இரும்புத் தொப்பியும் தண்ணீர்க் குடுவையும்.

2012-இல் இந்த இடம் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறியது. கல்லறைகளைச் சாதாரணமாக அந்தப் பதிவேடு ஏற்காது, தனிச் சிறப்பு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அதனால் கௌரவம் பெரிதுதான். ஆனால் 'தேசிய' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது. தனியார் ஒருவர் தன் காசில் தன் நிலத்தில் எதை மாற்றினாலும், ஏன், இடித்தாலும்கூட, அந்தப் பதிவேடு தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலை வந்தால்தான் அது குறுக்கே வரும். அமெரிக்காவில் நிலச் சொந்தக்காரரின் கையைக் கட்டுவது உள்ளூர் நிர்வாகத்தின் பாரம்பரியச் சட்டம்தான். தாசில்தார் போடும் தடைக்கு இருக்கிற வலு டெல்லி கொடுத்த சான்றிதழுக்கு இல்லாத மாதிரி.

அப்படியானால் ஹார்ட்ஸ்டேலை இதுவரை காத்தது எது? வருமானம். இன்றும் அங்கே புதைக்கிறார்கள், எரியூட்டுகிறார்கள், பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். தங்கள் நாயின் பக்கத்திலேயே தங்கள் சாம்பலையும் வைக்கச் சொன்னவர்கள் பல நூறு பேர். 2011-இல் மாநில அதிகாரிகள் அதற்குத் தடை போட்டார்கள். சர்ச்சை வெடித்தது. அப்புறம், இதற்கெனக் கட்டணம் வாங்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது என்று நிபந்தனை விதித்து விட்டுக்கொடுத்தார்கள். தொழில் ஓடும்வரை கல்லறை நன்றாக இருக்கும் என்பது இந்த வழியின் பலம். பலவீனமும் அதுவேதான்.

மூன்றாவது, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய கலபாசாஸ். இதையும் 1928-இல் ஒரு கால்நடை மருத்துவர்தான் தொடங்கினார். 1973-இல் அவர் குடும்பம் ஒரு பிராணி நல அமைப்புக்கு இடத்தைத் தானமாகக் கொடுத்தது. நல்ல கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். எண்பதுகளில் நிலம் ரியல் எஸ்டேட்டுக்குப் போய்விடும் என்ற நிலை வந்தது. பிராணிகளைப் புதைத்தவர்கள் கூடி, லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கி, 1986-இல் கல்லறையைத் தங்கள் வசமாக்கினார்கள். மூன்று கதைகளிலும் இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தானம் வாங்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை. உயிரோடு இருக்கிற தெருநாய்க்குக் கூண்டு கட்டப் பணம் வேண்டுமா, செத்த நாய்களுக்கு நிலம் வேண்டுமா என்ற கேள்வி எந்தப் பிராணி நல அமைப்பையும் உலுக்கும். அதனால்தான் இந்த வேலைக்கென்றே ஓர் அமைப்பு தேவை. வேறு நல்ல காரியங்கள் உள்ள அமைப்பிடம் ஒப்படைத்தால் கல்லறை எப்போதும் கடைசி வரிசைதான்.

லண்டன் ஹைட் பூங்காவின் ஓரத்தில் இருக்கிற குட்டிக் கல்லறையை வேகமாகக் கடந்துவிடலாம். 1881-இல் செர்ரி என்ற மால்டீஸ் நாயைப் புதைக்கக் காவலாளி இடம் கொடுக்க, 1903-க்குள் நிறைந்துவிட்டது. அரச பூங்காவுக்குள் இருப்பதால் அதை யாரும் தொட முடியாது. ஆனால் நினைத்த நேரத்தில் உள்ளே போகவும் முடியாது, ஏற்பாடு செய்த சுற்றுலாவில்தான். பெரிய மரத்தடியில் பிழைக்கும் செடிக்கு வெயில் குறைவுதான். எல்லாக் கல்லறைக்கும் அரசப் பூங்கா வாய்க்காது, ஆகவே இது பின்பற்றத்தக்க வழியும் அல்ல.

நாய்க்கெல்லாம் நினைவுக்கல்லா என்று கேட்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது. வீரன் கருந்தேவக்கத்தியின் பக்கத்திலேயே கோவிவன் என்ற அவனுடைய நாயையும் செதுக்கி, கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, புதிதாக ஓர் ஊர் தன் பழைய பிராணிக் கல்லறையைக் காக்க நினைத்தால்? ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் கலபாசாஸ் வழி. இரண்டு முடியும் என்றால் அதோடு உள்ளூர்ப் பாரம்பரியச் சட்டத்தின் தடையும். தேசியப் பதிவேடு நன்கொடை திரட்ட உதவும், மூன்றாவதாக முயன்றால் போதும். கலபாசாஸ் வழியில் எனக்கு ஒரே பயம் ஆள் பலம்தான். தொடங்கியவர்களுக்கு வயதாகும், பிள்ளைகளுக்கு அந்த நாய்களின் முகம்கூடத் தெரியாது. புதிதாகப் புதைப்பது நடந்தால்தான் நிர்வாகத்துக்குப் புதியவர்கள் வருவார்கள். அதற்குக் குழி வேண்டும், குழிக்காகப் பழைய கல்லை அகற்றினால் காக்க வந்ததே போய்விடும். குத்தகை போனாலும் அகற்றக் கூடாத கற்கள் எவை என்று முதல் வருடமே கணக்கெடுத்து, எழுதி, அமைப்பின் விதிகளில் சேர்த்துவிடுவது நல்லது. அந்தக் கணக்கில் தையல்காரியின் பூனைக்கும் இடம் வேண்டும்.