ஜாயின்டர்ல புது பிளேடு செட் பண்ண மரக்கட்டையா, டயல் கேஜா?

ஜாயின்டர்னா பலகையைச் சமமா சீவுற மெஷின். அதுல ரெண்டு வழிலயும் பிளேடு போட்டுப் பாத்துட்டேன். எதுவா இருந்தாலும் முதல்ல பிளக்கை புடுங்கிடுங்க, இதுல மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

கட்டை வழி ரொம்ப சிம்பிள். வளைவே இல்லாத ஒரு கட்டையை அவுட்ஃபீட் டேபிள் (சீவுன பலகை வெளிய வர்ற பக்கத்து டேபிள்) மேல வச்சு, நுனி கட்டர் ஹெட்டை (பிளேடு மாட்டியிருக்கிற உருளை) தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கணும், டேபிள் ஓரத்துக்கு நேரா கட்டைல பென்சில்ல ஒரு கோடு, அப்புறம் ஹெட்டை கையால மெதுவா சுத்துனா பிளேடு கட்டையை லேசா தூக்கி முன்னாடி இழுத்துட்டு போகும், எவ்ளோ நகர்ந்துச்சோ அங்க இன்னொரு கோடு. சுமார் 3 மி.மீ. நகர்ந்தா போதும், ஆனா எல்லா பிளேடுலயும் ரெண்டு ஓரத்துலயும் அதே அளவு வரணும். பிளேடோட உயரத்துல முடி அளவு மாறுனாக்கூட கோடு நல்லா தள்ளிப்போயிடும், அதான் இதோட அழகு.

டயல் கேஜ்ல (முள்ளு வச்சு நுணுக்கமா உயரம் அளக்குற கருவி) நம்பராவே தெரியும். அவுட்ஃபீட் டேபிள்ல ஜீரோ வச்சு, பிளேடை முன்னும் பின்னும் அசைச்சு உச்ச ரீடிங்கை எடுக்கணும், 0.02 மி.மீ. வித்தியாசம்கூட மாட்டிக்கும். கேஜோட முனை கூரா இருந்தா பிளேடு விளிம்புல நிக்காம வழுக்கும், தட்டையான முனை போடுங்க.

ரெண்டுலயும் தொல்லை ஒண்ணுதான்: போல்ட்டை முறுக்கும்போது பிளேடு நகரும். கொஞ்சம் கொஞ்சமா, மாத்தி மாத்தி டைட் பண்ணிட்டு திரும்ப அளந்துடுங்க.

என் ஓட்டு கட்டைக்குத்தான். முடிச்சப்புறம் பலகையோட கடைசில குழி விழுந்தா அவுட்ஃபீட் டேபிள் பிளேடை விட கீழ இருக்கு, அதை ஏத்துங்க.