வீடியோ தெரபியா, கோயமுத்தூர் பஸ்ஸா?

உளவியல் சிகிச்சை எடுக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டவர் அடுத்து வந்து நிற்கும் இடம் இது: வாரம் ஒரு நாள் கோயமுத்தூருக்குப் போய் சைக்காலஜிஸ்டை நேரில் பார்ப்பதா, வீட்டிலிருந்தே வீடியோவில் பேசுவதா? என் சாய்வு நேரில் போவதன் பக்கம்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவர் மருந்து எழுத மாட்டார். நாள்கணக்கில் தூக்கமில்லை, இல்லாத குரல் காதில் கேட்கிறது என்றால் முதலில் மருந்து எழுதும் மனநல மருத்துவரான சைக்கியாட்ரிஸ்டைத்தான் பார்க்க வேண்டும். கோவை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் வாராவாரம் 50 நிமிடம் உட்கார்ந்து பேசக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சிகிச்சை நடக்கும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் அமர்வு பெரும்பாலும் கேள்விகளிலேயே போய்விடும்: எப்போதிருந்து, தூக்கம், பசி, தைராய்டு மாதிரி வேறு நோய், குடும்பம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்று நேராகவே கேட்பார். அது எல்லோரிடமும் கேட்பது, பயப்பட வேண்டியதில்லை. மனச்சோர்வு என்றால் ஒன்பது கேள்விகள் உள்ள தாள் ஒன்று தருவார்கள், மொத்தம் 27 மதிப்பெண்; கூடக்கூடச் சோர்வு அதிகம். சிகிச்சை நடுவே அதையே மறுபடி நிரப்பும்போது 5 மதிப்பெண் குறைந்திருந்தால் உண்மையான முன்னேற்றம். இரண்டாவது, மூன்றாவது அமர்வு முடிந்ததும் மனசு முன்பைவிடக் கனக்கலாம். கிளறியதால் வரும் கனம் அது. பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிபிடி முறை என்றால் 12 முதல் 20 அமர்வு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடமும் உண்டு. எழுதாமல் போனால் பாதிப் பலன் போச்சு.

இனி, என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்: நீங்கள் பேசுவது யார் காதில் விழுகிறது?

நம் கொங்குப் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். பழைய தோட்டத்துச் சாளை வீடுகளில் அறைச்சுவர் ஓடு வரைக்கும் ஏறியிருக்காது; உள்ளே பேசினால் ஆசாரத்தில், அதாவது கூடத்தில், கேட்கும். திருப்பூர் லைன் வீடுகளில் பக்கத்து வீட்டு மிக்ஸி நமக்குக் கேட்கிறது என்றால் நம் அழுகை அவர்களுக்கும் கேட்கும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீட்டில் வெளியாளுக்கு எதுவும் கேட்காது, ஆனால் மறுமுனையில் இருக்கும் சைக்காலஜிஸ்டுக்கும் கேட்காது. நடுவில் கதவைத் தட்டி "கண்ணு, சாப்பிட வாரியா?" என்பார்கள். பாசமாகத்தான். அந்த ஒரு தட்டலில் பேச்சு அறுந்துவிடும்.

ஹெட்போன் போட்டால் அவர் பேசுவதுதான் மறையும், நீங்கள் பேசுவது மறையாது. அதனால் என்ன ஆகிறது? மாமியார் வெளியே உட்கார்ந்திருக்கும்போது மருமகள் கம்பெனி மேனேஜரைப் பற்றி விலாவாரியாகச் சொல்வார், வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கேட்டதை வைத்துத்தான் சைக்காலஜிஸ்ட் திட்டம் போடுவார். ஆறாவது வாரத்தில் மதிப்பெண் அசையாமல் நிற்கும். "எனக்கு இந்தத் தெரபி ஒத்து வரலைங்க" என்று நின்றுவிடுவார். அங்கே ஒத்து வராதது இடம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வீடியோ சிகிச்சை நேரடிக்கு ஈடாகவே பலன் தருகிறது என்று ஆய்வுகள் சொல்வதை நான் மறுக்கவில்லை. கதவு சாத்திய அறை இருப்பவருக்கு அது பொருந்தும்.

நேரில் போவதற்குச் சொல்லப்படும் பெரிய தடை, "சொந்தக்காரங்க யாராவது பார்த்துட்டா?" என்பது. நியாயமான பயம். கோபியிலோ தாராபுரத்திலோ கிளினிக் வாசலில் நின்றால் சாயங்காலத்துக்குள் சேதி ஊர் சுற்றிவிடும். அதனால்தான் கோயமுத்தூர் என்கிறேன். அதிலும் எல்லாப் பிரிவும் இருக்கும் பெரிய மருத்துவமனை. அங்கே ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பவர் முதுகுவலிக்கு வந்தவராகவும் இருக்கலாம். பார்த்துவிட்டாலும் ஒரு நாள் பேச்சோடு போகும். காதில் விழுகிற பயமோ ஒவ்வொரு வாரமும் உங்கள் வாயை அடைக்கும். சொன்னதை வெளியே விடக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. உங்களுக்கோ பிறருக்கோ உயிராபத்து என்பது மாதிரியான சில விதிவிலக்குகள் உண்டு. முதல் நாளே அவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் பயணத்திலும் ஒரு நன்மை. அழுத முகம் தெளிய அந்த ஒரு மணி நேரம் வேண்டும். வீடியோவில் கதவைத் திறந்தால் நேரே அடுப்படி.

பனியன் கம்பெனி ஆட்களுக்கு மட்டும் கணக்கு கடினம். ஞாயிறு ஒன்றுதான் லீவு. அன்று பல கிளினிக் திறக்காது. 12 வாரம் 12 ஷிப்ட் இழப்பது சின்ன விஷயமில்லை. அவர்களுக்கு முதல் நான்கு அமர்வு நேரில், பிறகு ஒன்றுவிட்டு ஒன்று வீடியோ என்று பேசிப் பார்க்கலாம். வால்பாறையில் இருப்பவரை 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி வாராவாரம் வரச் சொல்லவும் எனக்கு மனசில்லை. கைக்குழந்தைக்காரருக்கும் வீடியோதான். தட்டச்சில் மட்டும் நடக்கும் சிகிச்சையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது.

வீடியோதான் என்றானால், நிறுத்திய காருக்குள்ளோ தோட்டத்து மோட்டார் ரூம் பக்கமோ உட்கார்ந்து பேசுங்கள். லைன் அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தையும் அவசரத்துக்கு ஒருவர் எண்ணையும் கொடுத்து வையுங்கள். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் அடுத்த அமர்வு வரை காத்திருக்க வேண்டாம்; 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.