கட்டியை மட்டுமா, மார்பை முழுவதுமா?

சித்திக்கு மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று உறுதியானதும், திருகோணமலை உப்புவெளி வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "முழுசா எடுத்துப் போடுங்கோ, பிறகு பயமில்லை." டொக்டர் மட்டும் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சச் சதையையும் எடுத்துவிட்டுக் கதிர்ச் சிகிச்சை கொடுப்பது. மற்றது, மார்பை முழுவதுமாக எடுப்பது.

ஆரம்ப நிலையில், உயிர் பிழைப்பதைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பெண்களை 20 வருடம் கவனித்து 2002இல் வெளியான இரண்டு ஆய்வுகள் அதைத்தான் காட்டின. ஆனால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிருக்குப் போகாமல் இருக்கக்கூடாது. அமெரிக்க ஆய்வில் கதிர் வைக்காதவர்களில் 39 சதவீதமானோருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. வைத்தவர்களில் 14 சதவீதம்.

திருகோணமலைக்காரருக்கு இங்கேதான் சிக்கல். கதிர்ச் சிகிச்சைக்குச் சித்திக்குச் சொன்னது மட்டக்களப்பு, இல்லாவிட்டால் கொழும்புப் பக்கம் மகரகம. முன்பு ஐந்து கிழமை எடுத்தது, இப்போது பலருக்கு 15 தடவையில், மூன்று கிழமையில் முடிகிறது. ஒவ்வொரு தடவையும் சில நிமிடம்தான், வலியும் இல்லை. அந்தச் சில நிமிடத்துக்காக அங்கேயே தங்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அறை வாடகையும் துணைக்குப் போகிறவரின் சாப்பாடும் நம் செலவு. தோல் கறுத்து எரியும். களைப்பு, கதிர் முடிந்த பிறகும் சில கிழமை விடாது.

முழுவதும் எடுத்தால் இந்த அலைச்சல் மிச்சம் என்பதும் நிச்சயமில்லை. கட்டி 5 சென்டிமீற்றரைத் தாண்டினாலோ கமுக்கட்டு நிணநீர்க் கணுக்களில் (உடலின் நீரை வடிகட்டும் சின்ன உருண்டைகள்) பரவியிருந்தாலோ அப்போதும் கதிர் வைக்கச் சொல்லலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரே மார்பில் இரண்டு இடத்தில் கட்டி. அவருக்கு முழுவதும் எடுத்தது சரிதான். நெஞ்சில் மரத்துப்போன இடம் இன்னும் அப்படியே இருக்கிறது, ஒரு பக்கம் பாரம் குறைந்து தோள் இழுக்கிறது. சட்டைக்குள் துணியை மடித்து வைத்தே ஒரு வருடம் சமாளித்தார்.

மார்பை முழுசா எடுத்தால்தான் கை வீங்கும் என்ற ஊர்ப்பேச்சு பிழை. மார்பை எவ்வளவு எடுத்தார்கள் என்பதைவிட, கமுக்கட்டில் எத்தனை நிணநீர்க் கணு எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். கூட்டமாக எடுத்தால் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்குக் கை வீங்கும். புற்று முதலில் பரவக்கூடிய சில கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தால் இருபது பேரில் ஒருவர் அளவில் நிற்கும். என்னைக் கேட்டால் டொக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வீங்கும் ஆபத்து உள்ளவர்கள் கையைக் கடும் சூட்டில் வைக்கக்கூடாது. கன்னியா வெந்நீர்க் கிணற்றுக் குளிப்பையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

முடி கொட்டும் கீமோவும் வருடக்கணக்கில் போடும் ஹோர்மோன் குளிசையும் கட்டியின் தன்மையைப் பொறுத்தவை. எந்த ஒப்பரேஷன் செய்தாலும் அதில் பெரிய மாற்றமில்லை.

சித்தி கட்டியை மட்டும்தான் எடுப்பித்தார். ஆய்வைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. மட்டக்களப்பு கல்லடியில் அவர் தம்பி வீடு இருந்தது. "தங்க இடமில்லாட்டி முழுசா எடுங்கோ எண்டுதான் சொல்லியிருப்பன்" என்கிறார் சித்தி.