வீதிக்கு வரும் ஒட்டுமாங்கன்று வண்டி: காசு கொடுக்குமுன் நாடாவை அவிழ்த்துப் பாருங்கள்

மட்டக்களப்பில் மாரி மழை தொடங்கியதும் கன்று வண்டிகள் வீதிகளுக்கு வந்துவிடும். கடந்த வாரம் கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்குள்ளும் ஒன்று வந்தது. பின்பெட்டி நிறையக் கன்றுகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் பழத்தின் வண்ணப் படம் அச்சிட்ட அட்டை, கூரையில் ஒலிபெருக்கி. 2021 கார்த்திகையில் இதே போன்ற ஒரு வண்டியில் ஐந்து கன்றுகளை 7,500 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தவள் நான். போன காசை விட, வீணாகக் காத்திருந்த நாட்களே எனக்குப் பெரிய இழப்பு. வேறு எவரும் அந்தக் காத்திருப்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியில் எங்கள் வளவில் நின்ற மாவும் தென்னைகளும் வேரோடு சாய்ந்தன. அடுத்த மாரியில் அப்பா கறுத்தக்கொழும்பான் என்ற இனத்து மாங்கன்று ஒன்றைக் கொண்டுவந்து கிணற்றடிக்கு அப்பால் நட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த மரம் எங்களுக்கும் அயலுக்கும் பழம் தந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வளவுக்குள் ஏறி, உப்புநீர் வேரடியில் தேங்கி நின்றதால், இலைகள் ஓரத்திலிருந்து கருகி, சில மாதங்களில் மரம் பட்டுப்போனது. அதன் பின் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. 2021 இல் அம்மாவுக்கு 79 வயது. விதை போட்டு முளைத்த மாமரம் காய்ப்பதற்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கு மேலும் செல்லும். நல்ல மரத்தின் கிளையை வேறொரு கன்றின் தண்டில் பொருத்தி வளர்க்கும் ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். அம்மாவின் கையில் அந்தப் பழத்தை மீண்டும் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரமே என்னை வண்டிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தியது.

விற்றவர் மிகவும் தன்மையாகப் பேசினார். கறுத்தக்கொழும்பான் மூன்று, றம்புட்டான் ஒன்று, தேசி ஒன்று என எடுத்தேன். மாங்கன்றுகளின் தண்டில், மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெள்ளைப் பொலித்தீன் நாடா இறுக்கமாகச் சுற்றியிருந்தது. "மூன்றாம் வருசம் காய் பறிப்பீங்க அக்கா, ஆனால் இந்த நாடாவில் மட்டும் கை வைக்காதீங்க, அவிழ்த்தால் ஒட்டு விட்டுப்போகும்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அறிவுரையை நான் அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை, அட்டையில் தொலைபேசி இலக்கம் இருந்தது, அதுவே போதும் என்று நினைத்தேன்.

முதல் மாங்கன்று ஆறு வாரம் கூட நிற்கவில்லை. இலைகள் பச்சை மாறாமலே துவண்டு தொங்கின. மண் ஈரமாக இருந்தும் கன்று வாடியதால் தண்ணீர் கூடிவிட்டது என்று எண்ணி நிறுத்தினேன். அதன் பின் தண்ணீர் போதவில்லையோ என்று பயந்து காலையும் மாலையும் ஊற்றினேன். அட்டையில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தபோது விற்றவர் பேசினார். என்னுடைய பராமரிப்பில்தான் பிழை என்றார். இரண்டு நாள் கழித்துத் தானே வந்து, பழைய சோடாப் போத்தல் ஒன்றில் மண்ணிறத் திரவம் ஒன்றை 800 ரூபாய்க்குத் தந்து, வேருக்கு ஊற்றும்படி கூறினார். போத்தலில் எந்தப் பெயரும் இல்லை, அளவும் இல்லை. அதையும் ஊற்றினேன். இப்போது நினைத்தால் நெஞ்சு பதறுகிறது, ஏனெனில் அந்தப் போத்தல் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மாதம் இருந்தது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு பெறாத பீடைகொல்லியை விற்கவே முடியாது. உள்ளே இருப்பது உரமா நஞ்சா என்று தெரியாத ஒரு திரவத்தைச் சோடாப் போத்தலில் வீட்டுக்குள் எடுப்பதை எவரும் செய்ய வேண்டாம்.

கன்று முற்றாகக் காய்ந்த பின் பிடுங்கினேன். பிடுங்க வலிமையே தேவைப்படவில்லை. ஆணிவேர் விரல் நீளத்தில் முறிந்திருந்தது. பக்க வேர் என்று சொல்ல நாலைந்து மயிரிழைகள் மட்டும். முளைத்த மாங்கொட்டையின் ஓடு கூட இன்னும் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாமர நிழலில் தானாக முளைத்த கன்றைப் பிடுங்கி, பைக்குள் செம்மண்ணை இறுக்கி, அதில் செருகியிருந்திருக்கிறார்கள். வேர் இல்லாத கன்றும் தண்ணீர் கூடிய கன்றும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரித்தான் வாடும், ஏனெனில் இரண்டிலும் இலைக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. இதனை அறியாததால்தான் ஆறு வாரம் என்னை நானே நொந்துகொண்டேன். விற்றவரும் அந்த அறியாமையில்தான் பிழைத்தார்.

மற்ற இரண்டு மாங்கன்றுகளும் நன்றாக வளர்ந்தன. அதனால் சந்தேகம் எழவில்லை. 2023 ஆவணியில் ஒரு நாள் களை பிடுங்கும்போது, ஒரு கன்றின் தண்டு நாடாவுக்கு மேலே பருத்தும் நாடா இருந்த இடத்தில் கழுத்தை நெரித்தாற்போல் ஒடுங்கியும் இருப்பதைக் கண்டேன். அம்மாவின் பாக்குவெட்டியின் நுனியால் நாடாவை மெதுவாகக் கீறினேன். உள்ளே தண்டைச் சுற்றி ஆழமான பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தின் ஒரு பக்கத்தில் பழைய கத்திக் கீறல் ஒன்று, அதுவும் பட்டையின் மேற்பரப்பில் மட்டும், ஆறிக் காய்ந்த தழும்பாக இருந்தது. மற்றைய பக்கத்தில் பட்டை கீழிருந்து மேல்வரை இடைவெளி இன்றி, ஒரே நிறத்தில், ஒரே சொரசொரப்பில் ஓடியது. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். இணைப்பு என்று எதுவும் இல்லை.

கமநல சேவை நிலையத்தில் சொல்லி, விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். தன்னோடு உண்மையான ஒட்டுக்கன்று ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். அதில் கீழே, வேரோடு நிற்கும் ஒட்டுக்கட்டையின் பட்டை முரடாகவும் கருமையாகவும் இருந்தது. மேலே, அதில் பொருத்திய ஒட்டுக்கிளையின் பட்டை வேறு நிறம், வேறு வழவழப்பு. இரண்டும் சேரும் இடத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு கோடும் சிறிய வீக்கமும் தெளிவாகத் தெரிந்தன. ஒட்டுப் பிடித்து இரண்டு, மூன்று மாதங்களில் நாடாவை நீக்க வேண்டும் என்றும், நீக்காவிட்டால் பருக்கின்ற தண்டை அது அறுத்துவிடும் என்றும் அவர் விளக்கினார். அதாவது "நாடாவில் கை வைக்காதீங்க" என்ற அந்த அறிவுரை, உண்மையான ஒட்டுக்கன்றுக்குக் கூடக் கேடுதான். பொய் வெளிப்படாமல் இருப்பதற்காக மட்டுமே அது சொல்லப்பட்டது.

றம்புட்டானைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அது ஆண்டு முழுவதும் ஈரம் கேட்கும் ஈரவலயத்து மரம். எங்கள் மணலோ தண்ணீரைத் தாங்காது, கோடையில் கிணற்றில் உவர் ஏறும், வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று நெருப்பாய் வீசும். முதல் கோடையிலேயே இலை ஓரங்கள் கருகி அது பட்டது. ஒருவேளை பிழைத்திருந்தாலும் விதைக்கன்று என்பதால் காய்க்கும் என்ற உறுதி இருந்திராது. விதையில் முளைக்கும் றம்புட்டான் மரங்களில் ஏறக்குறையப் பாதி ஆண் மரங்கள், அவை பூக்கும், காய்க்கா. அட்டையில் இருந்த சிவந்த பழக்கொத்துப் படம் இதில் எதையும் சொல்லவில்லை. தேசி மட்டும் இன்றும் நிற்கிறது, ஆனால் அதன் இலைகளின் அடியில் பஞ்சு ஒட்டினாற்போல் வந்த வெள்ளைப் பூச்சிகளை, பக்கத்தில் நின்ற அம்மாவின் செவ்வரத்தையிலிருந்து அகற்ற எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. புதிய கன்றை மற்றச் செடிகளோடு உடனே சேர்த்து வைத்தது என் தவறு; இரண்டு வாரமாவது தனியே வைத்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

முறையிடலாம் என்று பார்த்தபோதுதான் இந்த ஏமாற்றின் சூட்சுமம் முழுமையாக விளங்கியது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளை விற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடும்படி கேட்கிறது. புளித்த பால்மாவுக்கும் பழுதான மின்விசிறிக்கும் மூன்று மாதம் போதும். மாங்கன்றின் பொய் மூன்று மாதத்தில் தெரியாது; காய்க்கும் காலம் வரும்வரை விற்றவர் சொன்னதே உண்மை. நான் கண்டுபிடித்தபோது ஒன்றே முக்கால் ஆண்டு கடந்திருந்தது, கையில் பற்றுச்சீட்டு இல்லை, அட்டையில் இருந்த இலக்கமும் பாவனையில் இல்லை.

ஆகவே பார்க்க வேண்டியதை எல்லாம் வண்டியடியிலேயே பார்க்க வேண்டும். பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்டை மெதுவாக அசையுங்கள். வேர் பிடித்த கன்றென்றால் மண்ணும் சேர்ந்து அசையும். அண்மையில் செருகியதென்றால் தண்டு மட்டும் தனியாக ஆடும். பையின் அடித் துளைகளில் வெள்ளை வேர் நுனிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அதற்கு மாறாகத் தடித்த வேர்கள் அடியில் சுருண்டு சுருண்டு கிடந்தால் அது பைக்குள் நெடுங்காலம் கிடந்த கன்று, அதையும் விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாடாவை அவிழ்க்கச் சொல்லுங்கள். விற்பனைக்குத் தயாரான ஒட்டுக்கன்று நாடா இல்லாமல் நிற்கும். அவிழ்த்த இடத்தில் இரண்டு வகைப் பட்டையும் சந்திக்கும் கோடு தெரிய வேண்டும். கோட்டுக்குக் கீழிருந்து வரும் தளிர் ஒட்டுக்கட்டையினுடையது, அதைக் காட்டி "நன்றாகத் துளிர்க்கிறது" என்றால் நம்பக் கூடாது. ஒட்டு உண்மையாக இருந்தாலும், இனம் கறுத்தக்கொழும்பானா வேறொன்றா என்பதைச் சிறு கன்றில் எங்களைப் போன்றவர்களால் உறுதி செய்ய இயலாது. அதற்குத் தாய்மரத்தைக் காட்டக்கூடிய நாற்றுமேடை வேண்டும். எந்த நாற்றுமேடைக்குப் போகலாம் என்பதை விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்திலோ உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலோ கேட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கன்றை வெட்டி எறிந்துவிட வேண்டாம். என்னுடைய இரண்டு விதைக்கன்றுகளையும் போதனாசிரியர் ஒட்டுக்கட்டையாக்கித் தந்தார். 2023 கார்த்திகை மழையில் நாடா நெரித்த இடத்துக்குக் கீழே வெட்டினோம். வந்த தளிர்களில் நேரானவற்றை மட்டும் விட்டோம். அவை பென்சில் பருமனுக்கு வந்ததும், களுவாஞ்சிக்குடியில் சித்தி வீட்டுக் கறுத்தக்கொழும்பானில், ஒரு வாரம் முன்னரே இலைகளைக் கிள்ளி நுனியரும்பு வீங்கவைத்த கிளைகளை எடுத்து, ஆப்பு ஒட்டு வைத்து, ஈரம் போகாதபடி ஒளிபுகும் பொலித்தீன் பையால் மூடினார். ஆறில் நான்கு பிடித்தன. இன்னும் பூக்கவில்லை. அம்மா தினமும் காலையில் அந்தச் செம்புநிறத் தளிர்களைத் தொட்டுப் பார்க்கிறார்.

கடந்த வாரம் வந்த வண்டிக்காரர் 2021 இல் வந்தவர்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு மாங்கன்றைக் காட்டி நாடாவை அவிழ்க்கும்படியும், கன்று கெட்டாலும் காசு தருவதாகவும் கூறினேன். "அவிழ்த்தால் பட்டுப்போகும் அக்கா" என்று சொல்லிக் கன்றைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார். அதற்குள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி இரண்டு கன்று வாங்கியிருந்தார். இருவருமாகத் திண்ணையில் வைத்து நாடாவைக் கீறிப் பார்த்தோம். இரண்டிலும் ஒட்டு இல்லை. இம்முறை வண்டியின் இலக்கத்தை நான் குறித்து வைத்திருந்தேன், கன்றுகளும் அட்டைகளும் படமெடுத்தபடி உள்ளன. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழியைக் கேட்டு, திங்கட்கிழமை எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். விற்று இன்னும் பத்து நாள் கூட ஆகவில்லை.